தூசி விழுந்தால் கடல் பச்சையாகுமா?

அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் ஒரு வாளி நீரை மொண்டு சோதித்துப் பாருங்கள். நைட்ரேட் இருக்கும், பாஸ்பேட்டும் இருக்கும். கோடையில் வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அந்த நீரில் வளரும் தாவரப் பிளாங்க்டன், அதாவது மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரிகள், மிகக் குறைவு. உரம் போட்டும் விளையாத வயல் என்று சொல்லலாம். அலாஸ்காவுக்குத் தெற்கே உள்ள வட பசிபிக்கிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய பசிபிக்கிலும் இதே நிலைதான். எல்லாம் சேர்த்தால் உலகக் கடற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும்.

பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்டப் பாதியைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரிகள்தான். உலகத்துத் தாவரங்களை எல்லாம் எடைபோட்டால் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. பிறந்து சில நாட்களுக்குள் தின்னப்பட்டு, அல்லது செத்து மூழ்கி, இடத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிடுகின்றன. இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிக் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

விளையாத வயலுக்கு வருவோம். குறைவது இரும்பாக இருக்கலாம் என்று 1930களிலேயே சிலர் ஊகித்தார்கள். சோதித்துப் பார்க்கத்தான் வழியில்லை. ஆய்வுக் கப்பலே இரும்பு, நீரெடுக்கும் பாட்டிலை இறக்கும் கம்பியும் இரும்பு. நீரில் எவ்வளவு இரும்பு என்று அளக்கப் போனவர்கள் பல சமயம் தங்கள் கப்பலின் துருவைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். 1980களில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டினும் அவரது குழுவினரும், உலோகம் எங்கும் படாதபடி நீரை எடுத்து, தூசு புகாத அறையில் வைத்து அளந்தார்கள். கிடைத்த எண் முந்தைய அளவுகளைவிட மிக மிகச் சிறியது. இரும்புப் பஞ்சமுள்ள கடல்களின் மேற்பரப்பில் லிட்டருக்குச் சுமார் 0.1 நானோமோல், சில இடங்களில் அதைவிடவும் கம்மி.

இந்த எண் மனதில் பதியாது. வேறு மாதிரி சொல்கிறேன். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம் ஒன்றில் சுமார் 25 லட்சம் லிட்டர் நீர் பிடிக்கும். அதை இந்தக் கடல்நீரால் நிரப்பினால் மொத்தக் குளத்திலும் இருக்கும் இரும்பு ஏறத்தாழ 14 மில்லிகிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு இருக்கிறது. அதாவது ஓர் ஆள், இருநூறு முந்நூறு குளங்களுக்குச் சமம்.

பூமியின் மேலோட்டில் இரும்புக்குக் குறையே இல்லை. அப்படியிருக்கக் கடலில் மட்டும் ஏன் இந்த வறட்சி? பதில் துரு. ஆக்சிஜன் கலந்த நீரில் இரும்பு கரைந்து நிற்காது. துருவாகித் திரண்டு கீழே போய்விடும். பூமியின் ஆரம்பகாலக் கடல்களில் ஆக்சிஜன் இல்லை, இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. உயிர்கள் அந்தக் காலத்தில்தான் ஒளிச்சேர்க்கைக்கும் நைட்ரஜனைப் பிடிப்பதற்குமான தங்கள் உள்ளியந்திரங்களை இரும்பை வைத்துக் கட்டிக்கொண்டன. பிறகு ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான சயனோபாக்டீரியாக்கள் ஆக்சிஜனை வெளியேற்றத் தொடங்கின. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது காற்றிலேயே சேரும் அளவுக்குப் போனது. கடலின் இரும்பு துருவாகி அடியில் படிந்தது. இன்று நாம் வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி அந்தப் படிவுகளிலிருந்து வந்ததுதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அந்தக் கதை. இரும்பு தேவை என்ற பழக்கம் மட்டும் விடவில்லை.

ஆகவே கரையிலிருந்து தொலைவில் மிதக்கும் ஒரு டயாட்டத்துக்கு (சிலிக்கா ஓடுள்ள ஒரு வகைத் தாவரப் பிளாங்க்டன்) இரும்பு வர இரண்டே பெரிய வழிகள். ஒன்று, ஆழ்நீர் மேலெழும்போது அதோடு வருவது. இன்னொன்று, வானத்திலிருந்து விழுவது.

வானத்திலிருந்து விழுவதில் பெரும்பங்கு பாலைவனத் தூசி. சகாரா, அரேபியா, கோபி, தக்லமக்கான், படகோனியா, ஆஸ்திரேலியாவின் உள்நிலம் ஆகிய இடங்களிலிருந்து கிளம்பும் தூசியில் ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் கடலில் விழுவதாக ஒரு மதிப்பீடு. எடையில் 3.5 சதவீதம்போல இரும்பு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி களிமண் கனிமங்களுக்குள்ளும் செந்நிற இரும்பு ஆக்சைடுகளிலும் பூட்டப்பட்டிருக்கிறது. பாலைவனத்திலிருந்து நேரே வந்து விழும் தூசியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் கரையும். மிச்சம் சும்மா மூழ்கி, கடலடிச் சேறாகிவிடும்.

தூசி காற்றில் பயணிக்கப் பயணிக்க இந்தக் கணக்கு மாறுகிறது. பெரிய துகள்கள் வழியிலேயே உதிர்ந்துவிட, மெல்லிய துகள்கள் மிஞ்சுகின்றன. அவை மேகத்துக்குள் நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைகின்றன. அமிலம் படிகிறது, வெயில் தாக்குகிறது. பூட்டியிருந்த இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கரையத் தயாராகிறது. அதனால் பக்கத்துப் பாலைவனத்திலிருந்து கொட்டும் மூட்டையைவிட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து மழையோடு இறங்கும் பிடித் தூசி உயிர்களுக்குக் கூடுதலாக உதவலாம்.

இதில் ஒரு சங்கடமான உண்மையும் உண்டு. தூசியில் அமிலத்தை ஏற்றும் கந்தக டையாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெரும்பாலும் நம் புகைபோக்கிகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் வருபவை. நிலக்கரி, எண்ணெய், காடு எரியும்போது கிளம்பும் துகள்களில் உள்ள இரும்போ பாலைவன இரும்பைவிட எளிதில் கரையக்கூடியது. அளவில் சிறிது, ஆனால் கரையும் பங்கு பெரிது. இதைக் கேட்டு, புகை நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தப் புகையோடு வரும் மற்றவற்றைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

தூசி கடலைக் கடப்பது புதுச் செய்தி இல்லை. 1832 ஜனவரியில் பீகிள் கப்பல் வெர்டே முனைத் தீவுகளை அடைந்தபோது, காற்று மங்கலாக இருப்பதையும் மெல்லிய பழுப்புத் தூள் விழுவதையும் சார்லஸ் டார்வின் கவனித்தார். சேர்ந்த தூளில் ஐந்து சிறு பொட்டலங்கள் ஜெர்மானிய நுண்ணுயிர் அறிஞர் ஏரன்பெர்க்கிடம் போயின. அவர் அதில் 67 வகை உயிர்வடிவங்களை அடையாளம் கண்டார். சிலிக்கா ஓடுள்ள நுண்ணுயிர்கள் பல இருந்தன. இரண்டே இரண்டு கடல் இனங்கள், மற்றவை நன்னீரில் வாழ்பவை. நடுக்கடலில் விழும் தூளில் நன்னீர் உயிரிகள் எப்படி? இன்று விடை தெரியும். சகாராவின் மிகப் பெரிய தூசி ஊற்றுகளில் ஒன்று சாட் நாட்டின் போடேலே பள்ளம். அது வற்றிப்போன ஒரு மாபெரும் ஏரியின் தரை. அங்கே காற்று வாரிக்கொண்டு போவது பெருமளவில் டயாட்டங்களின் பழைய ஓடுகள். ஏரியில் செத்த டயாட்டம், கடலில் உயிரோடிருக்கும் டயாட்டத்துக்கு இரும்பு சுமந்து போகிறது.

சரி, இரும்புதான் குறை என்றால் போட்டுப் பார்த்துவிடலாமே? மார்ட்டினின் யோசனையும் அதுதான். டயாட்டம் போன்றவற்றில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு லட்சம் கார்பன் அணு என்ற விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ இரும்பு 20 டன்னுக்கு மேல் கார்பனைக் கட்ட வேண்டும். அந்தக் கார்பன் ஆழத்துக்கு மூழ்கினால் காற்றில் கரியமில வாயு குறையும், பூமி குளிரும். 1988இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு மையத்தில் பேசும்போது, “அரை டேங்கர் இரும்பு கொடுங்கள், ஒரு பனியுகத்தைத் தருகிறேன்” என்றார். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் பின்னால் ஒரு தரவு இருந்தது. அன்டார்டிகாவின் வோஸ்டாக் பனிக்கட்டித் தூண்களில், பனியுகக் காலத்து அடுக்குகளில் தூசி அதிகம், அதே அடுக்குகளில் கரியமில வாயு குறைவு.

மார்ட்டின் 1993 ஜூனில் இறந்துபோனார். நான்கு மாதம் கழித்து அவரது சகாக்கள் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே 64 சதுர கிலோமீட்டர் நீரில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்துவிட்டார்கள். பிளாங்க்டன் இரட்டித்தது. ஆனால் சில நாட்களில் அந்த நீர்த்திட்டு வேறொரு நீர் அடுக்குக்கு அடியில் போய்விட்டது. 1995இல் மறுபடி முயன்றார்கள். இம்முறை பச்சையம் இருபது மடங்குக்கு மேல் ஏறியது, நீல நீர் பச்சையானது. 2009 வரை வெவ்வேறு கடல்களில் இப்படி 13 பரிசோதனைகள் நடந்தன. தென்பெருங்கடலுக்கும் அந்த இரு பசிபிக் பகுதிகளுக்கும் இரும்புதான் குறை என்பதில் அதன் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டால் கதை அழகாக முடியும். ஆனால் 13இல் கடைசிப் பரிசோதனை அதைக் கெடுத்துவிட்டது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனமும் 2009இல் தென் அட்லாண்டிக்கில் சேர்ந்து செய்தது அது. பெயர் லோஹாஃபெக்ஸ். இந்தியில் லோஹா என்றால் இரும்பு. 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு தூவினார்கள். பிளாங்க்டன் வளரத்தான் செய்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. சிலிக்கா இல்லாமல் டயாட்டங்களால் ஓடு கட்ட முடியாது. ஓடில்லாத சிறு இனங்கள்தான் பெருகின. அவற்றை, இறாலுக்குத் தூரத்து உறவான கோபிபாட் எனும் நுண் விலங்குகள் தின்றுவிட்டன. கோபிபாட்களைத் தின்ன, அவற்றைவிடப் பெரிய ஆம்ஃபிபாட்கள் வந்து சேர்ந்தன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, சிலிக்கா நிறைந்த வேறொரு நீரில் நடந்த பரிசோதனையில் டயாட்டங்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, பெருகியதில் பாதிக்கு மேல் 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கியிருந்தன. இரண்டிலும் போட்டது அதே இரும்புதான்.

எவ்வளவு விழுந்தது என்பதைவிட விழுந்த இடத்தில் எது குறை, யார் பசியோடு காத்திருக்கிறார்கள் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. தூசியைக் கடலுக்கான உரம் என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த வார்த்தை இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

கிழக்கு மத்தியதரைக் கடல் இன்னும் நல்ல உதாரணம். சகாராத் தூசி அடிக்கடி விழும் இடம், அதனால் இரும்புக்குக் குறைவில்லை. குறைவது பாஸ்பரஸ். அப்படியானால் பாஸ்பேட்டைப் போட்டால் பச்சை ஏற வேண்டும் அல்லவா? 2002 மே மாதம் சைப்ரஸ் அருகே ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். பச்சையம் ஏறவில்லை, இறங்கியது. பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாயின, கோபிபாட்களின் முட்டைகள் கூடின. போட்ட பாஸ்பேட் உணவுச்சங்கிலிக்குள் போனது உண்மை. ஆனால் பச்சை நிறமாக அது எங்கும் தங்கவில்லை. வானத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே பார்த்திருந்தால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியிருப்போம்.

இப்போது நைட்ரஜன். வெப்பமண்டலத்தை ஒட்டிய பரந்த நீலக் கடல்களில் முதலில் தீர்ந்துபோவது இதுதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் பெரும்பாலான உயிர்களுக்கு அது பயன்படாத வடிவம். அதை உடைத்துப் பயன்படுத்தத் தெரிந்த சில சயனோபாக்டீரியாக்களில் பெயர்பெற்றது டிரைக்கோடெஸ்மியம். ஆனால் நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு இரும்பு நிறைய வேண்டும். அதனால் இரும்புத் தூசி விழும்போது நைட்ரஜனும் மறைமுகமாகக் கிடைக்கிறது. கிழக்கு வெப்பமண்டல அட்லாண்டிக்கில் இவற்றுக்கு இரும்பும் பாஸ்பரஸும் ஒருசேரக் குறை என்று 2004இல் வெளிவந்த சோதனைகள் காட்டின. சகாராத் தூசி இரண்டையும் கொண்டுவருகிறது. டிரைக்கோடெஸ்மியம் பற்றி ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. பஞ்சு உருண்டை போலச் சேர்ந்து வாழும் இதன் கூட்டங்கள், மேலே ஒட்டிய தூசித் துகள்களை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வைத்துக்கொள்கின்றன. இரும்பு கரைந்து வெளியே போய்விடாமல் அங்கேயே பிழிந்தெடுக்கத்தான் இந்த ஏற்பாடு. மூளையில்லாத உயிருக்கு இவ்வளவு சாமர்த்தியம்.

மனிதர்கள் இந்தக் கணக்கில் நுழைந்தது ரசாயன உரம் வழியாகவும் எரிபொருள் வழியாகவும். வயலிலிருந்து ஆவியாகும் அம்மோனியாவும் இயந்திரங்கள் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடும் காற்றோடு கடலுக்குப் போகின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் கடலில் இப்படி விழுந்த நைட்ரஜன் சுமார் 6.7 கோடி டன், அதில் 5.4 கோடி டன் மனிதச் செயல்களால் வந்தது என்று 2008இல் ஒரு பன்னாட்டுக் குழு கணக்கிட்டது. மேல்நீருக்குப் புதிதாக வந்து சேரும் ஊட்டத்தால் ஆண்டுதோறும் நடக்கும் பிளாங்க்டன் வளர்ச்சியில், மனிதரால் வந்த இந்த நைட்ரஜன் அதிகபட்சம் 3 சதவீதத்தைத் தாங்கும் என்றும் சொன்னது. சிறிய எண்தான். எனக்கு இதைவிடக் கவலையாகத் தெரிவது விகிதம். பிளாங்க்டனின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 16 நைட்ரஜன் அணுக்கள் இருக்கும்; இப்படி ஏறக்குறைய நிலையான ஒரு விகிதம் இருப்பதை 1934இல் ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்டு கவனித்தார். காற்றில் வரும் சரக்கில் நைட்ரஜன் இதைவிடப் பல மடங்கு மிகுதி, ஏனென்றால் பாஸ்பரஸுக்கு வாயு வடிவமே கிடையாது எனலாம். தூசியிலும் சாம்பலிலும் ஒட்டிக்கொண்டுதான் அது வர முடியும். நைட்ரஜன் மட்டும் வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பாஸ்பரஸ் தட்டுப்பாடாகும். குறைந்த பாஸ்பரஸில் பிழைக்கத் தெரிந்த சிறு இனங்கள் மேலோங்கும். மொத்த உற்பத்தி ஏறாமலே கடலின் குடிமக்கள் மட்டும் மாறிப்போவார்கள்.

புகையோடு வரும் மற்றவை என்று சொன்னேனே, செம்பு அதில் ஒன்று. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், செங்கடல் நீரில் காற்றுத் துகள்களைக் கலந்து பார்த்தார்கள். செம்பு அதிகமிருந்த மாதிரிகள் சினெகோகாக்கஸ் என்ற நுண் சயனோபாக்டீரியாவின் வளர்ச்சியை நசுக்கின. மேலிருந்து விழுவதெல்லாம் ஊட்டம் இல்லை.

அப்படியானால் உலக அளவில் காற்று கொண்டுவரும் ஊட்டத்தின் பங்கு எவ்வளவு? பெரும்பங்கு எப்போதும் ஆழ்நீரிலிருந்துதான். 2023இல் செயற்கைக்கோள் தரவையும் தூசி விழுவதைக் கணிக்கும் கணினி மாதிரிகளையும் இணைத்து வெளியான ஒரு கணக்கு, ஆண்டுதோறும் மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்குப் போகும் கார்பனில் சுமார் 4.5 சதவீதத்துக்குத் தூசி காரணம் என்றது. சில வட்டாரங்களில் அது 20 முதல் 40 சதவீதம் வரை போகலாம். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது எண் அல்ல. உயர் அட்சரேகைகளில் தூசி விழுந்தபின் பிளாங்க்டனின் அளவு கூடியது. வெப்பமண்டலக் கடல்களில் பெரும்பாலும் அளவு மாறவே இல்லை, பிளாங்க்டனின் உடல்நிலை தேறியது. ஒவ்வொரு செல்லிலும் பச்சையம் கூடி, வளர்ச்சி வேகம் கூடியது. ஏன் எண்ணிக்கை ஏறவில்லை? வளர்ந்த வேகத்திலேயே தின்னப்பட்டுவிட்டன. வங்கிக் கணக்கில் இருப்பு ஏறவில்லை, புழக்கம்தான் ஏறியது. இருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எத்தனையோ தூசிப் புயல்களை ‘விளைவில்லை’ என்ற பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியும்படி கடல் பச்சையான சம்பவங்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் அலூஷியன் தீவுகளில் கசடோச்சி எரிமலை வெடித்தது. சாம்பல் விழுந்த வடகிழக்குப் பசிபிக்கில் பெரும் பிளாங்க்டன் பெருக்கம் வந்தது. இரும்புப் பஞ்சமுள்ள இடம், அதனால் பலித்தது. 2010இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் வட அட்லாண்டிக்கில் விழுந்தபோது விளைவு சிறிதாக, சீக்கிரமே ஓய்ந்துபோனது. அங்கே நைட்ரேட் விரைவில் தீர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் 2019–20 காட்டுத்தீப் புகை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போய்த் தென்பெருங்கடலில் விழ, அந்தக் கண்டத்தைவிடப் பெரிய பரப்பில் பிளாங்க்டன் பெருகியது. 2018இல் ஹவாயின் கீலவேயா எரிமலைக் குழம்பு கடலில் இறங்கியபோதும் நீர் பச்சையானது. குழம்பில் இருந்த இரும்பு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் குழம்பின் சூடு அடி ஆழத்து நைட்ரேட் நிறைந்த நீரை மேலே தள்ளியிருந்தது.

பனியுகத்துக்குத் திரும்பினால், மார்ட்டின் பாதி சரி. பனியுகத்தில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து சுமார் 180க்கு இறங்கியது. தென்பெருங்கடலின் வடபகுதியில் அப்போது தூசியும் கூடியது, பிளாங்க்டன் நைட்ரேட்டைச் செலவழித்த அளவும் கூடியது என்பதை, கடலடிச் சேற்றில் கிடக்கும் ஃபொராமினிஃபெரா எனும் நுண்ணுயிரிகளின் ஓடுகளில் உள்ள நைட்ரஜன் ஐசோடோப்புகள் (எடை வேறுபட்ட நைட்ரஜன் அணுக்கள்) 2014இல் உறுதிப்படுத்தின. ஆனால் அந்த 100 பங்கு இறக்கத்தில் இரும்பால் விளக்க முடிவது ஒரு பகுதியை மட்டுமே. மிச்சம் கடல் நீரோட்டங்களும் பனிப்பரப்பும் மற்றவையும் சேர்ந்து செய்த வேலை.

இதையெல்லாம் தெரிந்தும் கடலில் இரும்பைக் கொட்டிக் காலநிலையைச் சீர்செய்யலாம் என்ற ஆசை விடவில்லை. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைத் தனியார் முயற்சியாகக் கொட்டினார்கள். அடுத்த ஆண்டே, கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான லண்டன் நெறிமுறையின் உறுப்பு நாடுகள், ஆய்வுக்காக அல்லாத இத்தகைய வேலையைத் தடுக்கும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டன. எதிர்ப்புக்கான காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது தென்பெருங்கடலின் அந்தச் செலவாகாத நைட்ரேட், பாஸ்பேட் பற்றியது. அவை வீணாகக் கிடப்பதில்லை. அங்கே மூழ்கும் நீரோடு வடக்கே பயணித்து, பல பத்தாண்டுகள் கழித்து மற்ற கடல்களில் மேலே வருகின்றன. தென் அட்சரேகை 30 பாகைக்கு வடக்கே உள்ள எல்லாக் கடல்களின் உயிர் உற்பத்தியில் முக்கால் பங்கு இந்த ஊட்டத்தால் நடப்பதாக 2004இல் வெளிவந்த ஒரு கணினி மாதிரிக் கணக்கு சொல்கிறது. தெற்கே இரும்பைப் போட்டு அங்கேயே அதைத் தீர்த்துவிட்டால், அன்றைய செயற்கைக்கோள் படத்தில் பச்சை நன்றாகத் தெரியும். வெப்பமண்டலக் கடல்களில் வரும் பற்றாக்குறை அந்தப் படத்தில் இருக்காது.